கடைத் திரைக்கு ஒரு நம்பகமான பூட்டு: எக்ஸ்ஸ்கிரீன்சேவர் பற்றி என் அனுபவம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் பக்கம் நடந்தால் வரும் ஜெராக்ஸ் கடைகளில் ஒன்று என்னுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். ஆதார் பிரின்ட், பட்டா, சிட்டா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை டைப்பிங் எல்லாம் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்றான பிறகு அதற்கும் ஆட்கள் வருகிறார்கள். கணினி பழையது, நாலு ஜிபி ராம். அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். மானிட்டரைப் பாதி வாடிக்கையாளர் பக்கம் திருப்பித்தான் வைப்பேன். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வீட்டில் சண்டை வரும்; அவர்களே பார்த்துச் சரி சொன்னால்தான் பிரின்ட் போடுவேன்.

மானிட்டர் அப்படித் திரும்பியிருப்பதால்தான் ஸ்கிரீன்சேவர் பற்றி, அதாவது கணினி சும்மா இருக்கும்போது திரையில் படம் ஓட்டி, திரையைப் பூட்டியும் வைக்கும் புரோகிராம் பற்றி, இவ்வளவு யோசிக்க வேண்டி வந்தது.

ஒரு மழை நாள். ஒரு பெண் தன்னுடைய மருத்துவ ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன், அவளும் போய்விட்டாள். ஃபைலை மூடவில்லை. பேப்பர் கட்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் திரை தானாகப் பூட்டிக்கொண்டது, சரி என்று விட்டுவிட்டேன். அடுத்து வந்தவர் கவுன்டரில் கையை ஊன்றும்போது மவுஸ் அசைந்தது. கடவுச்சொல் கேட்கும் பெட்டி வருவதற்கு முன்னால், ஒரு முழு வினாடி, பூட்டுவதற்கு முன் இருந்த திரை அப்படியே தெரிந்தது. அந்த ரிப்போர்ட், மேலே பெரிய எழுத்தில் அவள் பெயரோடு. "ஏம்மா, இது நம்ம கீழ் ஊர்ப் பொண்ணு பேராச்சே?" என்று அவர் கேட்டார். நான் வேறு பேச்சை எடுத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இது சின்ன ஊர். ஒருத்தருடைய வியாதி ஒரு வினாடி வெளியே தெரிந்தால் போதும், ஒரு வாரம் பேசுவார்கள்.

டெஸ்க்டாப்போடு வந்த அந்த சேவரின் பெயரை எழுதப் போவதில்லை. செய்தவர்கள் சம்பளம் வாங்காமல் செய்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு வினாடிக் கசிவு முதல் குறை. கரன்ட் போய் வந்தபின் சில நேரம் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நிற்கும், கடவுச்சொல் பெட்டி வரவே வராது; மெஷினை அணைத்துப் போட வேண்டும், பாதி டைப் செய்த பத்திரிகை போய்விடும். அது இரண்டாவது. மூன்றாவது, அதிலிருந்த படங்களில் ஒன்றைப் பிடித்துத் தேர்ந்தெடுத்தால் அதன் வேகத்தைக்கூட மாற்ற முடியாது. மெனுவில் பெயர் இருக்கும், பக்கத்தில் செட்டிங்ஸ் பட்டன் இருக்காது.

மாற்று தேடியபோது கிடைத்ததுதான் எக்ஸ்ஸ்கிரீன்சேவர். இது புதுச் சரக்கே இல்லை. ஜேமி ஜவின்ஸ்கி என்பவர் 1992ல் வெளியிட்டது. நெட்ஸ்கேப் பிரவுசரை ஆரம்ப காலத்தில் எழுதியவர்களில் ஒருவர் அவர். பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில் டிஎன்ஏ லவுஞ்ச் என்ற இரவு விடுதியை வாங்கி நடத்துகிறவர். முப்பது வருடத்துக்கு மேலாகியும் இந்தப் புரோகிராமை அவரேதான் கவனித்து வருகிறார். 240க்கு மேற்பட்ட அசையும் படங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன, பல பேர் எழுதிக் கொடுத்தவை. விலை கிடையாது.

சின்ன இடைச்செருகல். ஸ்கிரீன்சேவர் என்ற பெயர் எதனால் வந்தது என்று கடைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பழைய குண்டு மானிட்டரில் ஒரே எழுத்து மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்றால், கண்ணாடிக்கு உள்பக்கம் பூசிய பாஸ்பர் அந்த இடத்தில் தேய்ந்து, அணைத்த பிறகும் நிழல் மாதிரி அந்த எழுத்து தெரியும். அதைத் தடுக்கத்தான் அசையும் படம். எல்சிடி வந்த பிறகு அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது. அதனால்தானோ என்னவோ, 2011ல் க்னோம் 3 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் வந்தபோது அதில் அசையும் படங்களையே எடுத்துவிட்டு வெறும் கறுப்புத் திரையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த முடிவு எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புதல் இல்லை. மானிட்டரைக் காப்பது போனாலும் மற்ற இரண்டு வேலைகள் மிச்சம் இருக்கின்றன: பூட்டுவது, பார்க்க ஏதாவது தருவது. கடை வைத்திருப்பவருக்கு இரண்டுமே வேண்டும்.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவற்றைவிட இது எனக்குப் பிடித்திருப்பது அதற்காகத்தான்.

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 என்ற பழைய முறையில் பூட்டு என்பதே ஒரு புரோகிராம்தான். எல்லா ஜன்னல்களுக்கும் மேலே ஒரு பெரிய ஜன்னலை விரித்து, கீபோர்டையும் மவுஸையும் தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. அந்தப் புரோகிராம் விழுந்தால் பூட்டும் அதோடு விழும். அடியில் இருந்த டெஸ்க்டாப் திறந்து கிடக்கும். ஆகவே பூட்டுகிற புரோகிராம் சின்னதாக, விழாததாக இருக்க வேண்டும். அழகான பட்டன், அனிமேஷன், திரைக்குள் கீபோர்டு என்று அதற்குள்ளேயே அடைக்க அடைக்க, விழுவதற்கான இடங்களும் கூடும். ஜவின்ஸ்கி இதைப் பல வருடம் எழுதிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

2021 ஜனவரியில் அது கண்ணெதிரே நடந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் வைத்திருந்த ஒருவர் வீட்டில், அவர் பிள்ளைகள் பூட்டிய திரையில் கீபோர்டையும் திரைக்கீபோர்டையும் கண்டபடி தட்டினார்கள், பூட்டு திறந்துவிட்டது. திரைக்கீபோர்டில் ஒரு குறிப்பிட்ட எழுத்தை அழுத்தியதும் அந்தப் பகுதி விழுந்து, கூடவே பூட்டையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மின்ட் குழு அதை உடனே சரி செய்துவிட்டது. கடவுச்சொல்லை யாரும் கண்டுபிடிக்கவில்லை, திருடவில்லை. குழந்தைகள் விளையாடினார்கள், அவ்வளவுதான். என் கவுன்டர் முன்னால் அம்மாவோடு வரும் குழந்தைகளில் கீபோர்டைத் தட்டாமல் போன குழந்தை கிடையாது. அதைப் படித்த அன்றே பழைய சேவரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

அதே 2021ல் வந்த எக்ஸ்ஸ்கிரீன்சேவர் 6ஆம் பதிப்பில் உள்ளமைப்பையே பிரித்து எழுதியிருக்கிறார்கள். பூட்டைப் பிடித்திருப்பது ஒரு சின்னப் புரோகிராம். திரையை மூடிப் படங்களை ஓட விடுவது வேறு. கடவுச்சொல் கேட்பது இன்னொன்று. படம் வரைகிற ஒவ்வொன்றும் தனித்தனிப் புரோகிராம். மீன் நீந்தும் படம் பாதியில் விழுந்தால் திரை கறுப்பாகும், பூட்டு அப்படியே இருக்கும். என் பழைய கிராபிக்ஸ் கார்டில் சில முப்பரிமாணப் படங்கள் இரண்டு தடவை அப்படி விழுந்திருக்கின்றன. இரண்டு தடவையும் கடவுச்சொல் கேட்டுத்தான் உள்ளே விட்டது.

அந்த ஒரு வினாடிக் கசிவை இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. மவுஸை அசைத்தால் முதலில் கடவுச்சொல் பெட்டி; சரியாகப் போட்ட பிறகுதான் டெஸ்க்டாப். பெட்டியின் ஓரத்தில் ஒரு பட்டை குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள் அடிக்காவிட்டால் மறுபடி படத்துக்குப் போய்விடும். யாராவது தவறான கடவுச்சொல் போட்டுப் பார்த்திருந்தால், அடுத்த தடவை நான் திறக்கும்போது எத்தனை முறை தோற்றது என்று எண்ணிக்கை காட்டுகிறது. ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நான்கு முயற்சி. முன்னால் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் பலகாரம் தின்ற கையோடு நின்றிருந்தான். கீபோர்டைத் துணியால் துடைத்தேன், வேறொரு கஷ்டமும் இல்லை.

போடுவது சுலபம். மென்பொருள் பட்டியலில் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்று தேடினால் வரும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் படங்களைத் தனிப் பொதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். டேட்டா, டேட்டா எக்ஸ்ட்ரா, ஜிஎல், ஜிஎல் எக்ஸ்ட்ரா எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால்தான் பெரிய பட்டியல் கிடைக்கும். ஆனால் பழைய சேவரை எடுக்காமல் இதை மட்டும் போட்டால் வம்பு. இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடும், ஒன்று பூட்டும்போது இன்னொன்றும் எழும்பும். அது தெரியாமல் நான் இரண்டு நாள் இரண்டு கடவுச்சொல் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். பழையதை முழுதாக நீக்குங்கள். அப்புறம், எக்ஸ்எஃப்சிஇ செட்டிங்ஸில் உள்ள செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்பில் இது தானாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பூட்டும் வழக்கம் இதற்கும் வேலை செய்கிறது. எழுந்து போகும் போதெல்லாம் என் கை தானாக அங்கே போகிறது.

செட்டிங்ஸ் ஜன்னல் பார்க்கப் பழைய காலத்து மாதிரிதான். இடது பக்கம் படங்களின் நீளப் பட்டியல், வலது பக்கம் சின்ன முன்னோட்டம். ஆனால் செட்டிங்ஸ் பட்டன் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அதற்கே உரிய ஸ்லைடர்கள்: வேகம், எண்ணிக்கை, நிறம் என்று. எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தொடங்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம் மாற வேண்டும் என்பது கீழே. இரண்டுமே பத்து நிமிடமாக வருகிறது. கடைக்குப் பத்து நிமிடம் அதிகம், நான் மூன்றாக வைத்தேன். கவனிக்க வேண்டியது, பூட்டுவது தானாக ஆன் ஆகி வராது. 'லாக் ஸ்கிரீன் ஆஃப்டர்' என்பதில் நீங்களே டிக் போட வேண்டும். பக்கத்தில் பூஜ்யம் கொடுத்தால் படம் தொடங்கிய உடனே பூட்டும்.

இன்னொன்றை என் மாதிரிக் கடைக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சில படங்கள் உங்கள் டெஸ்க்டாப்பையே ஒரு போட்டோ எடுத்து, அதை உருக வைக்கும், சுழற்றும், தண்ணீரில் அலைய விடும். பார்க்க அருமைதான். ஆனால் டெஸ்க்டாப்பில் ஒருத்தருடைய ஆதார் திறந்திருந்தால், அந்த ஆதார்தான் எல்லோர் முன்னாலும் உருகும். முதல் நாளே இது என் கண்ணில் பட்டது, நல்லவேளை திரையில் இருந்தது ஒரு பூப்பு நன்னீராட்டு விழாப் பத்திரிகை. அட்வான்ஸ்டு பகுதியில் 'கிராப் டெஸ்க்டாப் இமேஜஸ்' என்று ஒரு டிக் இருக்கும். என் கணினியில் அது போட்டே வந்தது. எடுத்துவிட்டேன். நீங்களும் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வெப்கொலாஜ் என்று ஒன்று, இணையத்திலிருந்து கண்ட படங்களை இழுத்து ஒட்டும். என்ன படம் வரும் என்று சொல்ல முடியாது, குடும்பங்கள் வரும் கடையில் அது வேண்டாம். பிஎஸ்ஓடி என்பது பல கணினிகள் செயலிழந்தால் வரும் திரைகளை அப்படியே நடித்துக் காட்டும். அதை ஒரு தடவை ஓட விட்டபோது, பென்ஷன் பேப்பர் கொடுத்திருந்த ஒரு பெரியவர் முகம் வெளுத்துப் போய், "என் பேப்பர் எல்லாம் போச்சாம்மா?" என்றார். அவரை உட்கார வைத்து, பேப்பரைக் கையில் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்தேன். இந்த இரண்டையும் டெபியனில் தனிப் பொதியாக ஒதுக்கி வைத்திருப்பது நியாயம்தான்.

பட்டியலில் எல்லாவற்றையும் ஓட விடாதீர்கள். பிடித்ததை மட்டும் டிக் போட்டு, ரேண்டம் வைத்தால் அவற்றுக்குள் மாறி மாறி வரும். என்னிடம் ஒன்பது. அட்லாண்டிஸில் சுறாவும் டால்பினும் திமிங்கிலமும் நீந்தும். குழந்தைகள் அழுகையை நிறுத்துவது இதற்குத்தான். கோரல், பவளப் பாறை வளர்வது மாதிரி புள்ளி புள்ளியாக ஒட்டி வளரும். எனக்கு அது சோலை மரத்தில் படரும் பாசியாகத்தான் தெரிகிறது. சப்ஸ்ட்ரேட்டில் ஒரு கோடு ஓடும், அதிலிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு கிளம்பும், இப்படியே கோடு கோடாகத் திரை நிறையும். கோடநாடு போகிற வழியில் மேட்டிலிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டத்துப் பாத்திகள் இப்படித்தான் இருக்கும். எக்ஸ்அனலாக்டிவி பழைய டிவியின் புள்ளி மழை, ஓடும் கோடு, இரட்டை நிழல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வரைகிறது. மலையில் வளர்ந்த, நாற்பது வயது தாண்டிய யாரும் இதைப் பார்த்தால் நின்றுவிடுவார்கள். மூட்டம் இறங்கினால் தூர்தர்ஷன் மங்கும், அண்ணன் கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவான், "வந்துச்சா? வந்துச்சா?" என்று கத்துவான். என் வீட்டிலும் அதே கதைதான்.

ஆனால் நான் அதிகம் ஓட விடுவது ஜிஎல்ஸ்லைடுஷோ. ஒரு ஃபோல்டரில் இருக்கும் போட்டோக்களை மெதுவாக நகர்த்தி, கொஞ்சம் பெரிதாக்கி, ஒன்றில் இன்னொன்று கரைய விடும். சாதாரணமாக ஒரு போட்டோ 30 வினாடி நிற்கும், நகர்வு 6 வினாடிக்கு ஒரு தடவை மாறும், கரைவது 2 வினாடி. அந்த 6 வினாடி எனக்கு அவசரமாகத் தெரிந்தது, 20 ஆக்கினேன். குறைந்தது முக்கால் பங்கு படம் தெரிய வேண்டும் என்பதை 90 ஆக்கினேன், இல்லாவிட்டால் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் தலை வெட்டுப்படும். பழைய சேவரில் இவற்றில் ஒன்றைக்கூட மாற்ற முடியவில்லை.

பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து சுத்தம் பண்ணிக் கொடுப்பதும் என் வேலை. கேட்டுச் சம்மதித்தவர்களுடையதை மட்டும் அந்த ஃபோல்டரில் போடுகிறேன். பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போகும் கூட்டம், கன்னேரிமுக்கில் ஆங்கிலேயக் கலெக்டர் சலிவனின் பங்களா சீரமைக்கப்படுவதற்கு முன் இடிந்து கிடந்த கோலம், இலைக்கூடை சுமந்த பெண்கள் வரிசை, மேட்டுப்பாளையம் ரோட்டில் பழைய பஸ்.

குறைகளையும் சொல்கிறேன். இது எக்ஸ்11 காலத்துப் பிள்ளை. எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புது முறையான வேலாண்டில் ஓடும் டெஸ்க்டாப்பில் இதை நம்பிப் பூட்ட முடியாது. அங்கே டெஸ்க்டாப்பின் சொந்தப் பூட்டையே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலம் வேலாண்ட் பக்கம் போவதால், இதை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. பதிப்பு பழையதாகிவிட்டால் அதைச் சொல்லி ஒரு அறிவிப்பு வருகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்களிடமிருந்து, பல வருடம் முன்பு சரி செய்த பிழைகளுக்கு இன்றும் தனக்கு மெயில் வருகிறது என்பது ஜவின்ஸ்கியின் மனக்குறை; அதற்காகத்தான் அந்த அறிவிப்பு. 2016ல் டெபியன்காரர்களோடு இதற்காக வாக்குவாதமே நடந்தது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் கடையில் அந்த அறிவிப்பைப் பார்க்கும் வாடிக்கையாளர் பயப்படுகிறார். முப்பரிமாணப் படங்கள் பழைய மெஷினைச் சூடாக்கும். அதனால் அட்வான்ஸ்டில் மின்சாரப் பகுதியைத் திறந்து, 2 மணி நேரம் என்று இருந்த ஸ்டேண்ட்பையை (மானிட்டர் தானாக அணையும் நேரத்தை) 15 நிமிடமாக்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது, யுபிஎஸ்ஸில் ஓடும்போது மீன் நீந்த வேண்டிய அவசியம் இல்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் வேலாண்டுக்காகக் குறைத்தது.

போன மாதம் மூட்டம் கவிந்து நாலு மணிக்கே இருட்டிய ஒரு நாளில், டார்ச்சோடு உள்ளே வந்த ஒரு பாட்டி, சிட்டா வாங்கிய பிறகும் போகவில்லை. திரையில் இலைக்கூடை வரிசை ஓடிக்கொண்டிருந்தது. "மூணாவதா நிக்கிறது நான்தான்" என்றார். படத்தைக் கொடுத்தது அவருடைய தங்கை மகன். அது திரும்ப வருவதற்குள் கடையை மூடும் நேரமாகிவிடும் என்று, பூட்டைத் திறந்து, அந்தப் போட்டோவை மட்டும் தனியாக எடுத்து, பெரிதாக ஒரு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் பெயரையும் எடுத்த ஊரையும் அந்த ஃபைலுக்குப் பெயராக வைத்தேன்.